இரண்டு சரிக்குறிகள் எதற்குச் சாட்சி?

குச்சவெளியில் ஓர் அலுவலக வட்ஸ்அப் குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை எட்டரை மணி. ஓர் உத்தியோகத்தர், "புல்மோட்டைக்கு இன்று நான் போகட்டுமா சேர்?" என்று கேட்கிறார். மேலதிகாரி "ஓம்" என்று தட்டி அனுப்புகிறார். அவருடைய கைத்தொலைபேசியில் அந்த "ஓம்" கேள்விக்கு நேர் கீழே ஒழுங்காக நிற்கிறது. மற்றவர்களின் திரையில் கதை வேறு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இன்னொருவரின் "அரைநாள் லீவு எடுக்கலாமா சேர்?" வந்து குந்திவிட்டது. லீவு கேட்டவர் தன் கேள்விக்குக் கீழே "ஓம்" இருப்பதைக் கண்டார், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் விசாரணை. இருவரும் தத்தம் தொலைபேசியை நீட்டி ஆதாரம் காட்டுகிறார்கள். இரண்டு திரைகளிலும் வரிசை வேறு வேறு. ஆனால் இரண்டு திரைகளும் பொய் சொல்லவில்லை.

"அனுப்பினேனே", "வரவில்லையே", "இரண்டு ரிக் விழுந்திருக்கிறதே", "சத்தியமாக நான் பார்க்கவில்லை": இந்த வழக்குகள் இல்லாத வேலைத்தலம் இன்று இல்லை. வழக்கமாகச் சிக்னலைத் திட்டுவோம், இல்லாவிட்டால் செயலியைத் திட்டுவோம். திட்டுவது நியாயமா என்பது கோளாறைப் பொறுத்தது. சில கோளாறுகள் வடிவமைத்தவர்கள் தெரிந்தே செய்த தேர்வுகளால் வருபவை. வேறு சிலவற்றை, எவ்வளவு பெரிய நிறுவனம் எவ்வளவு காசைக் கொட்டினாலும் நீக்க முடியாது. நீக்க முடியாது என்பதைக் கணித முறையில் நிறுவி அரை நூற்றாண்டு ஆகிறது.

முதலில், செய்தி போகும் வழி. திருகோணமலையிலிருந்து வடக்கே போகும் கரையோர வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி தாண்டினால் குச்சவெளி. அதற்கப்பால் திரியாய், புல்மோட்டை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும் காடும். இந்த நீண்ட கரையில் அடுத்தடுத்த மேசைகளில் இருக்கும் இருவர் செய்தி பரிமாறினாலும், அது ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நேரே போவதில்லை. தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்கு, அங்கிருந்து மேற்கு அல்லது தெற்குக் கரைக்கு, கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய இடங்களில் கரையேறும் கடலடிக் கேபிள்களில் ஒன்றின் வழியாக வெளிநாட்டிலுள்ள ஒரு சேவருக்கு, பிறகு அதே போன்ற பாதையில் திரும்பி இங்கே. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆகவே தூரம் பெரிய சிக்கல் இல்லை. கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் சிக்கல்: கோபுரத்துக்கும் கையிலுள்ள தொலைபேசிக்கும் இடையிலான காற்று.

பதிவுத் தபாலை நினைத்துப் பாருங்கள். கடிதத்தைக் கொடுத்ததும் தபால் அலுவலகம் ஒரு பற்றுச்சீட்டுத் தருகிறது. ஆள் வீட்டில் இல்லையென்றால் கடிதம் உபதபாலகத்தில் கிடக்கும். ஒப்படைத்த பிறகு கையொப்பமிட்ட அட்டை திரும்பி வரும். செய்திச் செயலியும் இதையே செய்கிறது. சேவர் வாங்கி வைத்துக்கொள்ளும். பெறுபவரின் தொலைபேசி இணையத்துக்கு வந்ததும் தள்ளிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் "கிடைத்தது" என்று ஒரு சிறு சைகை திரும்பி வரும். இதை ஒப்புகை என்போம். ஒற்றைச் சாம்பல் நிறச் சரிக்குறி, சேவரின் ஒப்புகை. இரட்டைச் சாம்பல் நிறம், பெறுபவரின் கருவியின் ஒப்புகை. இரட்டை நீலம் 2014 நவம்பரில் வந்தது. அந்த உரையாடல் திரையில் திறக்கப்பட்டது என்று அது சொல்கிறது. பெறுபவர் இணையத்துக்கு வராவிட்டால் வட்ஸ்அப் சேவர் 30 நாள் வரை செய்தியை வைத்திருக்கும். அதற்குப் பிறகு அழித்துவிடும்.

கருவியின் ஒப்புகை என்றேன், ஆளின் ஒப்புகை என்று சொல்லவில்லை. அலுவலகத் தகராறுகளில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. ஒருவரின் கணக்கு அலுவலகக் கணினியிலும் இணைக்கப்பட்டிருந்தால், அவர் வீட்டில் தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் கணினி செய்தியை வாங்கிக்கொள்ளும், இரண்டு ரிக் விழும். மறுபக்கம், செய்தியின் முதல் வரியை மேலே வந்த அறிவிப்பிலேயே வாசித்துவிட்டு உள்ளே போகாதவருக்கு நீலம் விழாது. குழுவில் இன்னும் வேடிக்கை. எல்லா உறுப்பினரின் கருவிக்கும் போன பிறகுதான் இரண்டாவது ரிக். எல்லோரும் திறந்த பிறகுதான் நீலம். 60 பேர் உள்ள குழுவில் ஒரே ஒருவரின் பற்றரி இறங்கிக் கிடந்தால், மற்ற 59 பேருக்கும் போய்ச்சேர்ந்த செய்தி ஒற்றை ரிக்குடன் நிற்கும். இந்தக் குறிகளை ஒழுக்காற்று நடவடிக்கைக்கு ஆதாரமாக எடுக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்தச் சுமையைத் தாங்கும் பலம் இந்தக் குறிகளுக்குக் கிடையாது.

அப்படியென்றால் இன்னும் நல்ல ஒப்புகை ஒன்றை உருவாக்கலாமே? ஒப்புகை கிடைத்ததற்கும் ஓர் ஒப்புகை, அதற்கும் ஒன்று என்று? இந்தக் கேள்வியை 1975இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூன்று கணினி அறிஞர்கள் எடுத்தார்கள். அவர்களுடைய உதாரணத்தில் வந்தது இரண்டு கொள்ளைக் கும்பல்கள். 1978இல் ஜிம் கிரே அதை இரண்டு தளபதிகளின் கதையாக மாற்ற, அந்தப் பெயரே நிலைத்தது. நாம் இரண்டு படகுக்காரர்களை வைத்துக்கொள்வோம். ஒருவர் குச்சவெளியில், மற்றவர் புல்மோட்டையில். இருவரும் சேர்ந்து போனால் நல்ல மீன். ஒருவர் தனியே போனால் ஆபத்து. இடையில் இருப்பது செய்தியை எப்போது வேண்டுமானாலும் விழுங்கக்கூடிய சிக்னல் மட்டும். "காலை நாலு மணிக்குப் போவோம்" என்று ஒருவர் அனுப்புகிறார். "சரி" என்று மற்றவர். இந்தச் "சரி" போய்ச்சேர்ந்ததா என்பது அதை அனுப்பியவருக்குத் தெரியாது. "உன் சரி கிடைத்தது" என்று முதலாமவர் அனுப்பலாம். இப்போது தெரியாத நிலை அவருக்கு மாறிவிட்டது.

இது முடியாமல் நீளும் என்று ஊகிப்பது எளிது. ஆனால் எந்தத் தந்திரத்தாலும் முடியாது என்று எப்படித் துணிந்து சொல்வது? நிறுவல் மிகச் சின்னது. இருவரையும் ஐயமில்லாமல் ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் ஒரு முறை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்படிப் பல முறைகள் இருந்தால், மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்தி அனுப்பும் முறையை எடுப்போம். அதில் கடைசியாகப் போகும் செய்தியைப் பாருங்கள். அது வழியில் தொலையலாம். அதை அனுப்பியவருக்கு அது தொலைந்ததா சேர்ந்ததா என்று தெரிய வழியில்லை. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரப்போவதில்லையே! எனவே இரண்டு நிலையிலும் அவர் ஒரே மாதிரித்தான் நடப்பார், அதாவது கடலுக்குப் போவார். முறை சரியானதென்றால், மற்றவரும் அந்தச் செய்தி கிடைக்காவிட்டாலும் போகவேண்டும். அப்படியானால் அந்தக் கடைசிச் செய்தி எதற்கு? அதை வெட்டிவிடலாம். வெட்டினால் இன்னும் குறைந்த செய்திகளில் அதே வேலையைச் செய்யும் ஒரு முறை கிடைக்கிறது. ஆனால் நாம் எடுத்ததே மிகக் குறைந்ததைத்தானே? முரண்பாடு. ஆகவே அப்படி ஒரு முறையே இல்லை. சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எப்போதாவது ஒன்று தொலையலாம் என்ற நிலை இருக்கும்வரை இந்த முடிவு மாறாது.

செயலிகள் இதோடு எப்படிக் காலம் தள்ளுகின்றன? ஒப்புகை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. செய்தி சேர்ந்து, அதன் ஒப்புகை மட்டும் தொலைந்துபோனால், அனுப்பும் பக்கம் "சேரவில்லை" என்று எண்ணி மறுபடி அனுப்பும். சிக்னல் ஓரங்களில் வாழ்பவர்களுக்கு வங்கியின் ஒரே குறுஞ்செய்தி இரண்டு தடவை வந்த அனுபவம் இருக்கும். காரணம் இதுவாகவும் இருக்கலாம். நல்ல செயலி ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாள எண் ஒட்டி அனுப்பும். ஏற்கெனவே கண்ட எண் மறுபடி வந்தால் பேசாமல் எறிந்துவிடும். "ஒரே ஒரு தடவை மட்டும் சேரும்" என்று விற்கப்படுவது எல்லாம் உள்ளே பார்த்தால் பலதடவை அனுப்பி மிச்சத்தை எறிவதுதான்.

இனி அந்த "ஓம்".

செய்திகளை நேரப்படி அடுக்கினால் தீராதா என்று கேட்கலாம். யாருடைய நேரப்படி? இந்தக் கேள்வி கிழக்கு மாகாணத்தில் ஒருகாலத்தில் அன்றாடக் கேள்வி. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம். எனவே யாராவது நேரம் சொன்னால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். புதிய நேரப் பக்கத்தில் ஒருவர் 10.20 என்று நேரம் குறித்து ஒரு துண்டை எழுதி அனுப்புகிறார். இருபது நிமிடத்தில் அது பழைய நேரப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. வாங்கியவர் மணிக்கூட்டைப் பார்த்து 10.10 என்று குறிக்கிறார். எழுதப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கடிதம் வந்து சேர்ந்துவிட்டது!

தொலைபேசிகளின் மணிக்கூடுகள் அரை மணி விலகுவதில்லை, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்பச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ அதிரும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 வினாடி. இணையத்தில் இருந்தால் அவ்வப்போது திருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் பிசகு சேரும். சிலர் திகதியையே கையால் மாற்றி வைத்திருப்பார்கள். வட்ஸ்அப் அப்படிப்பட்ட தொலைபேசியில் திகதியைச் சரிசெய்யும்படி சொல்லிவிட்டு வேலை செய்ய மறுக்கும். ஒரு குழுவில் இருவர் ஒரே வினாடியில் தட்டும்போது எந்த மணிக்கூட்டை நம்பி யாரை முன்னே போடுவது?

1978 ஜூலையில் லெஸ்லி லம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் இதற்கு ஒரு பதில் எழுதினார். ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைக் கற்றிருந்ததால்தான் தனக்கு இது பிடிபட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'முன்', 'பின்' என்பதற்கு மணிக்கூடு தேவையில்லை என்பதே அவர் பதிலின் சாரம். ஒரு நிகழ்வு இன்னொன்றைப் பாதித்திருக்க முடியுமென்றால் அது முந்தியது. கேள்வியை வாசித்துத்தான் பதில் எழுத முடியும். எனவே கேள்வி முந்தியது. இதைக் கருவிகளுக்குக் கற்பிக்க ஓர் எளிய வழி: ஒவ்வொரு தொலைபேசியும் மனதுக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கட்டும். செய்தி அனுப்பும்போது எண்ணை ஒன்று கூட்டிச் செய்தியோடு ஒட்டட்டும். ஒரு செய்தி வந்தால், தன் எண்ணையும் வந்த எண்ணையும் ஒப்பிட்டு, பெரியதை எடுத்து ஒன்று கூட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான். கேள்வியின் எண் 41 என்றால், அதைப் பார்த்தபின் எழுதிய பதிலின் எண் எப்படியும் 41ஐ விடப் பெரியது. இதற்குத் தர்க்கக் கடிகாரம் என்று பெயர் வைக்கலாம். அது நேரத்தைக் காட்டாது, காரண காரியத்தின் வரிசையை மட்டும் காக்கும்.

ஆனால் லம்போர்ட் இதன் மறுபக்கத்தையும் காட்டினார். ஒன்றை ஒன்று பாதித்திருக்க முடியாத இரண்டு நிகழ்வுகளுக்கு உண்மையான முன்பின் என்று எதுவும் இல்லை. மேலதிகாரி "ஓம்" தட்டியபோது லீவுக் கேள்வி அவர் திரைக்கு வந்திருக்கவில்லை. லீவு கேட்டவர் தட்டியபோது "ஓம்" அவருக்கு வந்திருக்கவில்லை. இவை தொடர்பறு நிகழ்வுகள். எது முதல் என்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏதோ ஒன்றை முன்னே போடவேண்டும், போடுவது வெறும் வசதிக்காக. பல செயலிகள் சேவருக்கு எது முதலில் வந்ததோ அதை முன்னே போடும். ஆனால் அனுப்பியவரின் திரையில் அவருடைய சொல் தட்டிய உடனேயே, சேவரைக் கேட்காமலே, தோன்றிவிடும். காக்க வைத்தால் செயலி 'மெதுவானது' என்று ஆட்கள் ஓடிவிடுவார்களே. இரண்டு திரையும் வேறுபட்டது அந்த அவசரத்தால்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு தொலைபேசி எடுத்து, ஒன்றை விமான நிலையில் வைத்து ஒரு செய்தி எழுதுங்கள். சரிக்குறி இருக்கவேண்டிய இடத்தில் மணிக்கூட்டுச் சின்னம் நிற்கும். மற்றதிலிருந்து இரண்டு செய்தி அனுப்புங்கள். பிறகு விமான நிலையை எடுத்துவிட்டு இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் குழப்பத்துக்கு மருந்தும் கையிலேயே உண்டு: ஒரு செய்தியை நீள அழுத்தியோ பக்கவாட்டில் இழுத்தோ, அதை மேற்கோளாகக் காட்டிப் பதில் சொல்லும் வசதி பெரும்பாலான செய்திச் செயலிகளில் இருக்கிறது. சோம்பலில் நாம் பயன்படுத்தாத அந்த வசதி லம்போர்ட் சொன்ன அதே 'முன்', 'பின்'தான்: இது அதைப் பார்த்துச் சொன்னது என்ற தகவலைச் செய்தியே சுமந்து போகிறது. பிறகு வரிசை எப்படி மாறினால் என்ன?

இதுவரை சொன்னவை பெரும்பாலும் இயற்கையின் வரம்புகள். முழுக்க மனிதத் தேர்வுகளால் வருபவை இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, செய்தி வந்தும் தொலைபேசி சத்தம் போடாதது. செய்தி உடனே விழவேண்டுமென்றால் தொலைபேசிக்கும் சேவருக்கும் இடையே ஓர் இணைப்பு எப்போதும் திறந்திருக்கவேண்டும். சும்மா கிடக்கும் இணைப்பை வலையமைப்பு சில நிமிடங்களில் அறுத்துவிடும். அறுக்காமலிருக்க அடிக்கடி சிறு துடிப்பு அனுப்பவேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் வானொலிப் பகுதி விழித்து, பிறகு சில வினாடி அதிக மின்சாரத்தில் இருந்துவிட்டுத்தான் தூங்கும். ஐம்பது செயலிகளும் இப்படிச் செய்தால் மத்தியானத்துக்குள் பற்றரி காலி. எனவே 2015இல் அண்ட்ரொய்டின் ஆறாம் பதிப்பு, அசையாமல் கிடக்கும் தொலைபேசியில் செயலிகளைத் தூங்கவைக்கத் தொடங்கியது. எல்லாச் செயலிக்கும் பொதுவான ஒரே இணைப்பு மட்டும் விழித்திருந்து மற்றவற்றைத் தட்டியெழுப்பும். சில தொலைபேசி நிறுவனங்கள் "பற்றரி மூன்று நாள் நிற்கும்" என்று விளம்பரம் செய்வதற்காக இன்னும் கடுமையாக, தட்டினாலும் எழும்பாத அளவுக்கு, செயலிகளை மூடிவிடுகின்றன. பற்றரி செற்றிங்கில் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேலைக்குத் தொலைபேசியை நம்பியிருப்பவர்களுக்கு இதைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

இரண்டாவது, "இந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது" என்று திரையில் தொங்கும் அந்த எரிச்சலூட்டும் வரி. 2016 ஏப்ரலில் இருந்து வட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் இருமுனை மறைகுறியாக்கத்துடன் போகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி இரு முனையிலுள்ள கருவிகளிடம் மட்டுமே, சேவரிடம் இல்லை. பெறுபவர் தொலைபேசியை மாற்றினாலோ செயலியை அழித்து மறுபடி போட்டாலோ சாவி மாறிவிடும். பழைய சாவிக்குப் பூட்டிய செய்தி வந்து கிடக்கும், திறக்காது. அதைப் புதிய பூட்டுப் போட்டு மறுபடி அனுப்பக்கூடியது அனுப்பியவரின் தொலைபேசி மட்டுமே. அது சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் நீங்கள் உங்கள் சிக்னலைத் தேடிக் கூரையில் ஏறியும் பயனில்லை. இந்த எரிச்சலை நான் குறையாகச் சொல்லமாட்டேன். இடையில் இருப்பவர் வாசிக்க முடியாது என்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. நம் நாட்டில் அது மலிவான விலைதான்.

சேவரே விழுந்தால்? 2021 ஒக்டோபர் 4 இரவு, இலங்கை நேரம் ஒன்பது மணி தாண்டியபோது, பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மறைந்தன. நிறுவனமே பிறகு விளக்கியது: வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனை மென்பொருளில் ஒரு வழு. இனி வருவதுதான் பாடப்புத்தகத்தில் வைக்கவேண்டிய பகுதி. பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் அவர்களது சேவர்கள், "தரவு மையத்தோடு எனக்குத் தொடர்பில்லை, நான் பழுது" என்று முடிவு செய்து, தங்களுக்கு வரும் வழியை இணையத்திலிருந்து தாங்களாகவே அழித்துக்கொண்டன. ஒரு சேவர் பழுதானால் அது மிகச் சரியான நடத்தை. எல்லாமே ஒரே நேரத்தில் அப்படி நினைத்தபோது, நிறுவனத்தின் முகவரியே உலகத்தில் இல்லாமற்போனது. திருத்த வேண்டிய பொறியாளர்கள் பயன்படுத்தும் உட்கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. வேலைத்தலச் செயலியான ஸ்லாக்கும் அதே ஆண்டு ஜனவரி 4 அன்று, விடுமுறை முடிந்து உலகம் வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமையே, கூட்டம் தாங்காமல் படுத்தது. இங்கே 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் அரச உத்தரவால் முடக்கப்பட்டன. வேலைக் குழுக்களும் சேர்ந்துதான் முடங்கின.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல், மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வேகக் காற்றோடு, திரியாய்–குச்சவெளிக் கரையோரமாகத்தான் தரையேறியது. அப்படி ஓர் இரவில் கரையோர மக்களை வெளியேற்றும் அறிவித்தலைக் குழுவில் போட்டுவிட்டு ரிக் எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். படகுகளின் வானொலிப் பெட்டியில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கேட்டவர் வெறும் "சரி" சொல்லமாட்டார், கேட்டதைத் திருப்பிச் சொல்வார். அந்தத் திருப்பிச் சொல்லலில் இரண்டு தகவல் இருக்கிறது. ஆள் கேட்டார் என்பது ஒன்று, சரியாகக் கேட்டார் என்பது மற்றது. ரிக்கில் இவை இரண்டுமே இல்லை. இதைக் குழுவுக்குள் கொண்டுவர எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். "எட்டு மணிக்கு முன் பாடசாலை மண்டபம்" என்று அறிவித்தல் போனால், ஒவ்வொரு கிராம உத்தியோகத்தரும் அதையே மேற்கோள் காட்டி, தன் பிரிவின் பெயரோடு "எட்டுக்கு முன், பாடசாலை" என்று எழுதவேண்டும். பத்து நிமிடத்தில் எந்தப் பிரிவின் பெயர் வரவில்லையோ அங்கே தொலைபேசி அழைப்பு போகவேண்டும். அழைப்பும் எடுபடாவிட்டால் மோட்டார்சைக்கிளில் ஓர் ஆள்.